பெரிய இன்ஜெக்டரால் கிடைப்பது நேரம்

டீசல் பிக்கப் டிரக்கின் திறனைக் கூட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை குதிரைத்திறன் இன்ஜெக்டர் போடலாம்?" என்பதுதான். விற்பவர்களும் 50, 100, 150 என்று எண் எழுதியே விற்கிறார்கள். கேள்வியிலேயே ஒரு கோணல் இருக்கிறது. எஞ்சினின் திறன் எரிகிற டீசலிலிருந்து வருகிறது. டீசல் எரிவதற்குக் காற்று வேண்டும். டீசலைப் பீய்ச்சும் கருவியான இன்ஜெக்டரைப் பெரிதாக்கினால், அதே டீசலை முன்பைவிடக் குறைந்த நேரத்தில் சிலிண்டருக்குள் அனுப்பிவிட முடியும். அவ்வளவுதான். எந்த இன்ஜெக்டர், எவ்வளவு பெரிது, எப்படிச் செதுக்குவது என்ற கேள்விகளெல்லாம் இந்த நேரக் கணக்கைச் சுற்றித்தான் வருகின்றன.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் இழுத்து, பதினாறு, பதினேழில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கினால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகிறது. அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை மிதிப்பதென்றால் "இன்னும் கொஞ்சம் டீசல் கொடு" என்று கேட்பதாக அர்த்தம். கொடுப்பது இன்ஜெக்டரின் வேலை.

இன்றைய டிரக்குகளில் இருப்பது காமன் ரெயில் முறை. ரெயில் என்றதும் தண்டவாளம் நினைவுக்கு வர வேண்டாம். கனத்த சுவருள்ள ஓர் இரும்புக் குழாய் அது. உயர் அழுத்த பம்ப் அதற்குள் டீசலை நெருக்கி நிரப்பி வைக்க, எல்லா இன்ஜெக்டர்களும் அதிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. 2003இல் டாட்ஜ் ராம் பிக்கப்பின் 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினில் இந்த முறை வந்தபோது அழுத்தம் 1600 பார். கார் டயருக்குள் இருப்பதைப்போல் எழுநூறு மடங்கு. இன்ஜெக்டரின் நுனிக்கு நாசில் என்று பெயர். அதன் நுண்துளைகளை உள்ளிருந்து ஓர் ஊசி அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த ஊசியை மின்காந்தம் நேரடியாகத் தூக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்துத் தூக்கும் பலம் அந்தச் சின்னக் கம்பிச்சுருளுக்குக் கிடையாது. ஊசியின் தலைக்கு மேல் ஒரு குட்டி அறை இருக்கிறது. அதில் நிறைந்திருக்கும் டீசல்தான் ஊசியைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது. கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அறையின் சிறு வால்வு திறக்கிறது. மேலே அழுத்தம் விழுகிறது. கீழே காத்திருக்கும் டீசலே ஊசியை மேலே தள்ளிவிடுகிறது. மேலறையிலிருந்து கசிந்த டீசல் டாங்கிக்குத் திரும்புகிறது. திரும்பிப் போகும் அந்த டீசலையும் நினைவில் வையுங்கள், பம்ப் கணக்கில் அது வரும்.

இனிக் கணக்கு. ஆறு சிலிண்டர் எஞ்சினிலிருந்து 500 குதிரைத்திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது 373 கிலோவாட். நன்றாக ஓடும் டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு ஏறத்தாழ 230 கிராம் டீசல் கேட்கும். ஆக மணிக்கு 86 கிலோ, கிட்டத்தட்ட 102 லிட்டர். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வீதம், ஆறு சிலிண்டரும் சேர்ந்து மணிக்கு 5,40,000 தடவை டீசல் பீய்ச்சுகின்றன. வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு 190 கன மில்லிமீட்டர். ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 50 கன மில்லிமீட்டர் என்றால், இது நான்கு சொட்டுகூட இல்லை. தொழிற்சாலையிலிருந்து 325 குதிரைத்திறனோடு வந்த அதே 5.9 லிட்டர் எஞ்சினுக்கு இதே கணக்கைப் போட்டால் கிட்டத்தட்ட 125 வருகிறது, இரண்டரைச் சொட்டு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த ஒன்றரைச் சொட்டுக்காகத்தான் இத்தனை பாடும். (500 என்பது டயரில் அளந்த எண்ணா, எஞ்சினில் அளந்த எண்ணா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கியர்பாக்ஸும் அச்சுகளும் பதினைந்து சதவீதம்வரை தின்றுவிடும். டயரில் 500 வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு 220 கன மில்லிமீட்டர் தேவைப்படும்.)

ஒன்றரைச் சொட்டைக் கூடுதலாக அனுப்ப ஒரிஜினல் இன்ஜெக்டரால் முடியாதா? முடியும். கொஞ்சம் அதிக நேரம் திறந்து வைத்தால் போதும். சிக்கல் அங்கேதான். 3000 சுற்றில் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, ஒரு பாகை திரும்ப எடுக்கும் நேரம் 56 மைக்ரோ வினாடி. 125 கன மில்லிமீட்டரை அனுப்ப ஒரு இன்ஜெக்டருக்கு 1500 மைக்ரோ வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அது 27 பாகை. அதே இன்ஜெக்டர் 190 அனுப்ப வேண்டுமென்றால் 2280 மைக்ரோ வினாடி, 41 பாகை. கூடுதலான அந்த 14 பாகையில் பிஸ்டன் சும்மா நிற்பதில்லை. உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது, அறை விரிகிறது, அழுத்தம் சரிகிறது. கடைசியில் வந்து சேரும் டீசல், பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளி மாதிரி. எரியத்தான் செய்கிறது, ஆனால் பிஸ்டனைத் தள்ளுவதைவிட எக்ஸாஸ்ட் குழாயைச் சூடாக்குவதே அதன் வேலையாகிவிடுகிறது.

இந்த வெப்பத்தை அளக்கத்தான், எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை நெருக்கித் தள்ளும் டர்போவுக்கு முன்னால் வெப்பமானி பொருத்துகிறார்கள். பிஸ்டன் அலுமினியக் கலவை. எக்ஸாஸ்ட் வாயு 700 டிகிரி செல்சியஸைச் சில வினாடிகள் தாண்டினால் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். பாரம் இழுத்துக்கொண்டு மலையேறும்போது பல நிமிடங்கள் அங்கேயே நின்றால், பிஸ்டனின் கிண்ண விளிம்பு இளகத் தொடங்கும். 50 சதவீதம் அதிகம் பாய்ச்சும் இன்ஜெக்டரைப் போட்டால் 190 கன மில்லிமீட்டரும் பழைய 27 பாகைக்குள் உள்ளே போய்விடுகிறது. பெரிய இன்ஜெக்டர் போட்டதும் வண்டியின் சூடு குறைந்தது என்று சிலர் வியப்போடு சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் இருப்பதிலேயே பெரியதை வாங்கிவிடலாமே? கூடாது. அதே எஞ்சின் வண்டி நிற்கும்போதும் ஓட வேண்டும். ஐட்லிங்கில் ஒரு தடவைக்குத் தேவை பத்து கன மில்லிமீட்டருக்கு முன்பின். அதிலும் சத்தத்தைக் குறைக்க, முதன்மைப் பீய்ச்சலுக்கு முன்னால் ஒன்றிரண்டு கன மில்லிமீட்டரை முன்கூட்டியே தெளிக்கிறார்கள். வால்வு திறந்து மூடக் குறைந்தபட்சம் ஆகும் நேரம் ஒன்று இருக்கிறது. துளை பெரிதானால் அந்தக் குறைந்தபட்ச நேரத்திலேயே தேவைக்கு மேல் கொட்டிவிடும். சட்டியால் மருந்து அளப்பது போல. கடகடவென்று சத்தம், வெண்புகை, கண் எரியும் நாற்றம் எல்லாம் அதன் விளைவு. துளை பெரிதாக ஆகத் துளியும் பெரிதாகும். பெரிய துளி மெதுவாக ஆவியாகி, மெதுவாக எரிந்து, கரியாக வெளியேறும். பழைய மெக்கானிக்கல் கம்மின்ஸுக்கு 0.012 அங்குலம், அதாவது 0.3 மில்லிமீட்டர் துளைகள் ஐந்து கொண்ட நாசில்கள் பிரபலம். காமன் ரெயிலில் துளை பொதுவாக 0.2க்கும் கீழே. அழுத்தம் ஏற ஏறத் துளையைச் சிறிதாக்க முடிந்தது. அதனால்தான் புதிய எஞ்சின்கள் அதிகத் திறனோடு சுத்தமாகவும் ஓடுகின்றன. வேண்டிய டீசலை வேண்டிய பாகைக்குள் முடித்துத் தரும் இன்ஜெக்டர்களில் மிகச் சிறியது எதுவோ, நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு பங்கு டீசல் முழுதாக எரிய 14.5 பங்கு எடைக் காற்று போதும் என்பது ஏட்டுக் கணக்கு. சிலிண்டருக்குள் கலப்பது அவ்வளவு சீராக நடப்பதில்லை என்பதால், புகை இல்லாமல் ஓட 20 பங்காவது வேண்டும். 190 கன மில்லிமீட்டர் டீசலின் எடை 160 மில்லிகிராம். இருபது மடங்கு 3.2 கிராம். 5.9 லிட்டர் எஞ்சினின் ஒரு சிலிண்டர் ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவு. வெளிக்காற்றை அப்படியே நிரப்பினால் சுமார் 1.1 கிராம்தான் கொள்ளும். ஆக, வெளிக்காற்றைப்போல் மூன்று மடங்கு அடர்த்தியுள்ள காற்றை டர்போ உள்ளே தள்ள வேண்டும். நெருக்கும்போது காற்று சூடாவதையும் சேர்த்துப் பார்த்தால் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 2.5 பார், அதாவது 36 பிஎஸ்ஐ கூடுதல் அழுத்தம் (பூஸ்ட்) தேவை. ஒரிஜினல் டர்போ அந்த இடத்தில் தன் எல்லைக்கு வந்துவிடுகிறது. டர்போவை அப்படியே விட்டுவிட்டு இன்ஜெக்டரை மட்டும் இரட்டிப்பாக்கியவரின் வண்டிக்குப் பின்னால் கரும்புகை கிளம்பும். அதைப் பார்த்துப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. எரியாமல் வெளியே போகும் தன் காசைப் பார்த்துக் கைதட்டுவது எனக்குப் புரிவதில்லை.

பம்ப்பும் அப்படித்தான். துளை வழியே பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பெரிய இன்ஜெக்டர்கள் எடுத்துக்கொள்ளும் டீசலும் டாங்கிக்குத் திரும்பும் கசிவும் சேர்ந்து பம்ப்பின் சக்தியை மிஞ்சினால் ரெயில் அழுத்தம் சரியும். 1600 பார் 1100 ஆக இறங்கினால் பாய்ச்சல் 17 சதவீதம் குறையும், துளியும் தடிக்கும். காசு கொடுத்து வாங்கிய கூடுதல் பாய்ச்சலில் பெரும்பங்கு இப்படிக் காணாமல் போய்விடும். எனவே இன்ஜெக்டர் வாங்குவதற்கு முன், முழு மிதியில் எஞ்சினின் கணினி கேட்கும் ரெயில் அழுத்தத்தையும் உண்மையில் இருக்கும் அழுத்தத்தையும் பதிவு செய்து ஒப்பிடுங்கள். இப்போதே இடைவெளி விழுகிறதென்றால் முதல் செலவு பம்ப்புக்கு. பாஷ் நிறுவனத்தின் சிபி3 பம்ப்பை இரட்டையாகப் பூட்டுவதும், பெரிதாக்கிய சிபி3ஐப் போடுவதும் இதற்காகத்தான்.

விற்பனை எண்களுக்கு வருவோம். "100 குதிரைத்திறன் இன்ஜெக்டர்" என்பதற்கு யாரும் வகுத்த இலக்கணம் கிடையாது. எந்த டர்போவோடு, எந்த டியூனிங்கோடு (கணினியின் அட்டவணைத் திருத்தத்தோடு), எத்தனை மைக்ரோ வினாடியில் என்று சொல்லாத எண் அது. "60 சதவீதம் பெரிது" என்பது அதைவிடக் கொஞ்சம் நேர்மையானது. ஆனால் எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். நாசிலை மட்டும் தனியே வைத்துக் குறைந்த அழுத்தத்தில் தொடர்ச்சியாகப் பாய்ச்சி அளந்தால் ஓர் எண் வரும். முழு இன்ஜெக்டரையும் ஓட்ட அழுத்தத்தில் துடிக்கவிட்டு அளந்தால் வேறு எண் வரும். கேட்டு வாங்க வேண்டியது இரண்டாவதை: இன்ன அழுத்தத்தில், இத்தனை மைக்ரோ வினாடியில், இத்தனை கன மில்லிமீட்டர். ஐட்லிங் அளவிலும் முழு அளவிலும், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனியாக. இந்தத் தாளைத் தர மறுக்கிறவரிடம் நான் வாங்கமாட்டேன்.

இன்ஜெக்டரை மாற்றியமைப்பது என்றால் பெரும்பாலும் நாசில் துளைகளை மாற்றுவதுதான். மென்மையான முறை, அரம்போன்ற நுண்துகள் கலந்த பசையைத் துளைகள் வழியே அழுத்தித் தள்ளுவது. துளையின் உள்வாயில் இருக்கும் கூரிய விளிம்பு இதனால் உருண்டையாகிறது. ஓட்டம் அந்த விளிம்பில் முட்டிச் சுருங்காமல் வழுக்கிக்கொண்டு போவதால், விட்டம் அதிகம் மாறாமலே பாய்ச்சல் கூடும். இன்னொரு முறை மின்பொறியால் அரித்துத் துளையைப் பெரிதாக்குவது. மயிரிழை போன்ற மின்முனையைத் துளைக்குள் விட்டு, பொறி பறக்கவிட்டு, உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வைக்கிறார்கள். நிறைய பெரிதாக்க வேண்டுமென்றால் பழையதைச் செதுக்காமல் புதிய நாசிலையே போட்டுவிடுவதுதான் நல்லது.

இதில் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதற்கு ஒரு துளையை மட்டும் உற்றுப் பார்ப்போம். விட்டம் 0.15 மில்லிமீட்டர், இரண்டு தலைமுடியின் தடிமன். அதை 0.18 ஆக்கினால், பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் வளர்வதால், பாய்ச்சல் 44 சதவீதம் கூடும். கூட்டியது 0.03 மில்லிமீட்டர்தான். இதில் கை தவறி ஒரு நாசிலின் துளைகள் 0.185 ஆகிவிட்டால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் மற்றவற்றைவிடக் கிட்டத்தட்ட 6 சதவீதம் அதிக டீசல் போகும். ஐந்து மைக்ரான் பிழைக்கு இந்த விலை. எக்ஸாஸ்ட் வெப்பமானி எல்லாச் சிலிண்டர்களின் வாயுவையும் கலந்து காட்டுவதால் அந்த ஒரு பிஸ்டன் வேகுவது உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் மொத்தப் பாய்ச்சலைவிட, ஆறும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்பதே எனக்கு முக்கியம். இரண்டு மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல வேலை. வீட்டுப் பட்டறையில் செய்யக்கூடிய காரியம் இல்லை என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பாய்ச்சல் எவ்வளவு என்று பார்ப்பவர்கள் அது எங்கே போய் விழுகிறது என்பதைக் கோட்டை விடுவார்கள். பிஸ்டனின் தலையில் ஒரு கிண்ணம் குடைந்திருக்கிறது. டீசல் தெளிப்பு குடைபோல் விரிந்து அந்தக் கிண்ணத்துக்குள் விழ வேண்டும். 2003, 2004 ஆண்டுகளின் 305 குதிரைத்திறன் கம்மின்ஸில் தெளிப்புக் கோணம் 143 பாகை. அதன்பின் 2007வரை வந்த 325 குதிரைத்திறன் எஞ்சினில் கிண்ணம் மாறியதால் 124 பாகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே எஞ்சின்தான். அகலக் கோணத்தை மாற்றிப் போட்டால் தெளிப்பு கிண்ணத்தைத் தாண்டி விளிம்பில் அடிக்கும். சிலிண்டர் சுவரில் பட்ட டீசல் அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். வருடம், பிஸ்டன், கோணம் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

எஞ்சினுக்கு எஞ்சின் பேச்சுமொழியும் மாறும். ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கில் காமன் ரெயில் இல்லை. எஞ்சின் எண்ணெயை 200 பார்வரை அழுத்தி இன்ஜெக்டருக்குள் அனுப்ப, அங்கிருக்கும் ஒரு பிஸ்டன் அதை ஏழு மடங்காக்கி டீசலைத் தள்ளுகிறது. அந்த உலகில் "160/80" என்பார்கள். ஆயிரம் தடவைக்கு 160 மில்லிலிட்டர், நாசில் ஒரிஜினலைவிட 80 சதவீதம் பெரிது என்று பொருள். எவ்வளவு, எத்தனை வேகத்தில் என்ற இரண்டையும் பிரித்துச் சொல்லும் அழகான வழக்கம், மற்றவர்களும் பின்பற்றியிருக்கலாம். அங்கே டீசல் பம்ப்புக்குப் பதிலாக எண்ணெய் பம்ப் திணறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ் எஞ்சினில் முதல் வரிசையான எல்பி7இல் இன்ஜெக்டர்கள் வால்வு மூடிக்கு அடியில் புதைந்திருப்பதால் கழற்றி மாட்டுவதே பெரிய வேலை. மலிவானதைப் போட்டு மறுபடி திறப்பது யாருக்கும் கட்டுபடியாகாது. 6.4 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் போன்றவற்றில் கம்பிச்சுருளுக்குப் பதில், மின்னழுத்தம் கொடுத்தால் விரியும் பீசோ படிகம் இருக்கிறது. அதில் ஓடும் மின்னழுத்தம் ஆளுக்கே ஆபத்தானது. புதியவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம்.

இன்ஜெக்டரை மாற்றிவிட்டுக் கணினியிடம் சொல்லாமல் விட்டால் அது பழைய கணக்கிலேயே திறந்து மூடும். எத்தனை கன மில்லிமீட்டருக்கு எத்தனை மைக்ரோ வினாடி என்ற அட்டவணையைப் புதிய அளவுத் தாளைக்கொண்டு திருத்துவதுதான் டியூனிங்கின் முதல் வேலை. தாளை வற்புறுத்திக் கேட்கச் சொன்னதும் இதற்காகத்தான். சாலையில் ஓடும் வண்டியென்றால் சட்டமும் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டப்படி புகைக்கட்டுப்பாட்டு அமைப்பைச் செயலிழக்கச் செய்வது சட்டவிரோதம். கலிஃபோர்னியாவில் உதிரிபாகத்துக்கே விலக்கு ஆணை எண் கேட்பார்கள்.

பொருத்தும்போது தூசிதான் முதல் எதிரி. ஒருமுறை டீசல் குழாயின் வாயைப் பழைய துணியால் அடைத்து வைத்தேன். மாட்டிய மறுநாளே ஒரு இன்ஜெக்டர் முழுதாக மூடாமல் ஒழுகியது. கழற்றிப் பார்த்தால் வால்வு வந்து அமரும் இடத்தில் ஒரே ஒரு பஞ்சிழை. அன்றிலிருந்து பிளாஸ்டிக் மூடிதான். இன்ஜெக்டருக்கு அடியில் வைக்கும் செம்பு வாஷரின் தடிமனும் விளையாட்டில்லை. தடிமன் மாறினால் நுனியின் உயரம் மாறும். உயரம் மாறினால் கிண்ணத்தில் விழ வேண்டிய தெளிப்பும் இடம் மாறும். பழைய வாஷர் ஒன்று குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதை வைத்து இறுக்கியவர்கள் உண்டு.

எங்காவது ஒழுகுகிறதா என்று ஓடும் எஞ்சினில் விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். ஏழு பார் அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும். இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாக, வலியே இல்லாமல் இருக்கும். உள்ளே போன டீசல் சதையை அழுக வைத்து விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். அட்டையை நீட்டிப் பாருங்கள். தப்பித் தவறி விரலில் பட்டுவிட்டால் வலிக்காக காத்திருக்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள்.

வண்டி ஓடத் தொடங்கிய முதல் வாரம் தினமும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, எண்ணெய்க் கம்பியை உருவிப் பாருங்கள். அளவு குறைந்தால் பயமில்லை, ஊற்றிக்கொள்ளலாம். ஏறியிருந்தால், முகர்ந்து பார்த்து டீசல் வாசனை அடித்தால், ஒரு இன்ஜெக்டர் எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கிறது, சாவியைத் திருப்பாதீர்கள்.